நாலு குச்சிக் கூடு

அந்தக் காலத்தில், பறவைகள் நம்மைப் போலவே வாய்விட்டுப் பேசி, நம்மைப் போலவே பாதிப் பேச்சை மனசுக்குள் விழுங்கிக்கொண்டிருந்த காலத்தில், புறாக்கூட்டைப் பார்ப்பதற்கென்றே ஒரு கூட்டம் மரத்தடிக்கு வரும்.

இன்றைக்குச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். வெளிச்சுற்றுக்கு முள் நீக்கிய உடைமரக் குச்சி. அதற்கு உள்ளே ஒரு பிசிறுகூட வெளியே தெரியாமல் பின்னிய தென்னை நார். அதற்கும் உள்ளே இலவம்பஞ்சு மெத்தை. விளிம்பில் கற்றாழை நாரால் தைத்த உயரமான கரை. கரையைச் சுற்றிலும் ஆவாரம்பூ. பூ வாடினால் எடுத்துவிட்டுப் புதுப்பூ செருக வேண்டும். பனி பட்ட பஞ்சைக் காலையில் வெயில் காட்டி, மாலையில் உதறித் திரும்பப் பரப்ப வேண்டும். காற்றில் தளர்ந்த நாரை அன்றன்றைக்கே இழுத்து முடிய வேண்டும். எச்சம் ஒரு துளி தங்கக் கூடாது. இத்தனை ‘வேண்டும்’களும் யாருக்காக என்று அந்தக் காலத்தில் ஒருவரும் கேட்டதில்லை. புறா வீடு என்றால் அப்படித்தான். பெண் புறாக்கள் இதையெல்லாம் தங்கள் அம்மாக்களிடம் கற்றுக்கொண்டன. ஆண் புறாக்களும் அதே மெத்தையில்தான் பிறந்து வளர்ந்தன. ஆனால் பஞ்சு தானாகக் காய்ந்து தானாகப் பரவிக்கொள்ளும் என்று நம்பியபடியே பெரியவர்கள் ஆகிவிட்டன.

கண்மாய்க்கரையில் ஓர் உடைமரத்தில் குடியிருந்த மாடத்தியும் கொம்பையாவும் அப்படி வளர்ந்தவர்கள்தான்.

இரண்டு பேருக்கும் வேலை இருந்தது. கண்மாய்க்கு அந்தப் பக்கம் பறவைகளின் பொதுக்களம். மழைக்காலத்துக்கென்று எல்லாப் பறவைகளும் அங்கே புல்லரிசியும் சாமையும் கொண்டுவந்து கொட்டும். அதில் கல் பொறுக்குவது புறாக்களின் வேலை. குனிய வேண்டும், பார்க்க வேண்டும், கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு நிமிர வேண்டும், மறுபடி குனிய வேண்டும். புறா நடக்கும்போது கழுத்து முன்னும் பின்னும் போய்வருவது அந்தக் களத்துப் பழக்கம்தான் என்று சிலர் சொல்வார்கள். அது வேறு கதை. களத்தை மேற்பார்த்தது ஒரு கிழட்டுக் கௌதாரி. வேலை முடிந்ததும் கழுத்துக்குள் இருக்கும் தீனிப்பை நிறையத் தானியம் கூலி. கொம்பையாவுக்கு எவ்வளவோ மாடத்திக்கும் அவ்வளவே. அந்த விஷயத்தில் கௌதாரி நியாயமானவர்.

மாலையில் இருவரும் சேர்ந்தே பறந்து வருவார்கள். கொம்பையா கூட்டுக்குப் பக்கத்துக் கிளையில் இறங்கி, இறகைப் பொம்மென்று உப்பி, “அப்பாடா” என்பான். மாடத்திக்கும் அந்த ‘அப்பாடா’ தொண்டை வரை வரும். அதற்குள் கண் கூட்டின் மேல் விழுந்துவிடும். பஞ்சு உதறாமல் கிடக்கும். மேல்பக்கத்தில் ஒரு பூ வாடியிருக்கும். ‘அப்பாடா’வை விழுங்கிவிட்டு வேலையைத் தொடங்குவாள்.

கொம்பையா கெட்டவன் இல்லை. அதுதான் மாடத்திக்குக் கஷ்டமாக இருந்தது. கெட்டவன் என்றால் பக்கத்து மரத்தில் போய் உட்கார்ந்து நாலு பேரிடம் சொல்லி அழலாம். இவன் அதட்டிப் பேச மாட்டான். அவள் அலுத்துத் தெரிந்தால் கூவிக் காட்டிச் சிரிக்க வைப்பான். தினமும் தவறாமல் கேட்கவும் செய்வான்:

“சொல்லு மாடத்தி, என்ன உதவி வேணும்? செய்றேன்.”

ஒரு நாள் அவள் சொல்லிப் பார்த்தாள்.

“பஞ்சு குறையுது. கொஞ்சம் கொண்டு வர்றீங்களா?”

“இதோ போறேன். எங்க இருக்கு?”

“இலவமரத்துல.”

“எந்த இலவமரம்?”

“கண்மாய்க்கரையில இருக்கிறதே ஒண்ணுதாங்க.”

“மேல்கொம்புல எடுக்கவா, கீழ்க்கொம்புலயா?”

“எந்தக் காய் வெடிச்சிருக்கோ அதுல.”

“எவ்வளவு?”

மாடத்திக்கு அந்த நேரத்தில் போய் எடுத்துக்கொண்டு திரும்பியே வந்திருக்கலாம் என்று தோன்றியது. சொல்லவில்லை. அவன் உற்சாகமாகப் பறந்து போனான். போன வேகத்தில் திரும்பி வந்தான். அலகு நிறைய எருக்கம்பஞ்சு.

“இலவமரம் வரைக்கும் எதுக்கு? இது பக்கத்துலயே கிடைச்சுது. பஞ்சுதானே கேட்ட?”

எருக்கம்பஞ்சு நிற்கிற பஞ்சா? காற்று பட்டதும் விதையும் இழையுமாகக் கூடு முழுக்கப் பறந்தது, கண்ணுக்குள் போனது, நாருக்குள் நுழைந்துகொண்டது. பொழுது இறங்குகிற வரை மாடத்தி ஒவ்வோர் இழையாகப் பொறுக்கினாள். பகலெல்லாம் கல் பொறுக்கிய அதே கழுத்து.

கொம்பையா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். “நான் எது செஞ்சாலும் உனக்குப் பிடிக்காது. அதனாலதான் நான் செய்றதே இல்ல” என்றான். குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது.

“அப்படியெல்லாம் இல்லைங்க. நல்ல பஞ்சுதான்” என்று மாடத்தி அவனைத் தேற்றினாள். அந்த வேலையும் அவளுக்கே வந்து சேர்ந்தது.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூடு பார்க்கிற வழக்கம் இருந்தது. மைனா வருவாள். ஊரில் எல்லாருக்கும் அவள் மைனாக்கா. கூடவே தவிட்டுக்குருவிகள் வரும். அவை ஒரே கூட்டை ஒரு பட்டாளமே சேர்ந்து பார்த்துக்கொள்கிற சாதி. எது யார் வேலை என்ற பேச்சே அவற்றின் வீட்டில் எழுந்ததில்லை. அதனால் மற்றவர் வீட்டைப் பற்றிப் பேச நிறைய நேரம் இருந்தது.

அந்தப் பௌர்ணமியன்று அவர்கள் வந்த நேரத்துக்குக் கொம்பையா அலகில் ஒரு குச்சியோடு வந்து இறங்கினான். மாடத்தி கேட்டிருந்த குச்சி. காலையில் கேட்டது.

“அடடா! மாப்பிள்ளையே குச்சி சுமக்கிறாரா!” என்று மைனாக்கா கத்தினாள். “மாடத்தி, நீ குடுத்து வச்சவடி!”

“குடுத்து வச்சவ, குடுத்து வச்சவ” என்றன தவிட்டுக்குருவிகள்.

“எங்க வீட்டுக்காரர்கிட்ட குச்சின்னு சொன்னா, அது தின்கிற பொருளான்னு கேப்பார்” என்றாள் மைனாக்கா.

கொம்பையா கூச்சத்தோடு கழுத்தைத் தாழ்த்தினான். “நம்மளால முடிஞ்ச உதவிதானே அக்கா.”

மைனாக்கா கூட்டைச் சுற்றி வந்தாள். கொம்பையா குச்சியோடு நின்ற இடத்துக்கு மூன்று குச்சி தள்ளி ஒரு பூ வாடியிருந்தது. அவள் பூவைப் பார்த்தாள். பிறகு கொம்பையாவைப் பார்க்கவில்லை; மாடத்தியைத்தான் பார்த்தாள்.

“உடம்புக்கு முடியலையாடி? இப்படி விட மாட்டியே நீ.”

மாடத்திக்கு முகம் சுண்டிப் போனது. உடம்புக்கு ஒன்றுமில்லை. களைப்பு உடம்புக்குக் கீழே எங்கேயோ இருந்தது. அதற்கு அவளிடம் பேர் இல்லை. பூவை எடுத்துக் கீழே போட்டுவிட்டு, “மறந்துட்டேன்க்கா” என்றாள்.

“நான்கூடக் காலையிலேயே பாத்தேன்” என்றான் கொம்பையா. “சொல்லலாம்னுதான் இருந்தேன்.”

கொஞ்ச நாளில் மாடத்தி முட்டையிட்டாள். இரண்டு முட்டை. வெள்ளை வெளேரென்று, பஞ்சில் வைத்தால் எது பஞ்சு எது முட்டை என்று தெரியாது. முட்டைச் சூடு ஆறக் கூடாது. இருவருக்கும் ஒன்றாக விடுப்புத் தரக் கௌதாரிக்கும் மனசில்லை. அதனால் முறை வைத்துக்கொண்டார்கள். விடிந்ததும் கொம்பையா களத்துக்குப் போவான். வெயில் ஏறியதும் அவன் வந்து முட்டை மேல் உட்கார, மாடத்தி போவாள். பொழுது சாயும்போது அவள் திரும்பி வந்து உட்கார, அவன் மிச்ச வேலைக்குப் போவான்.

கொம்பையா நன்றாக உட்கார்ந்தான். அதில் குறை சொல்ல முடியாது. உச்சி வெயிலில் இறகை விரித்து முட்டைக்கு நிழல் கொடுத்தபடி அசையாமல் இருப்பான். ஆனால் உட்காரச் சொன்னால் உட்காருவான், அவ்வளவுதான். அலகுக்கு எட்டுகிற தூரத்தில் நார் தளர்ந்திருந்தால் அது நார் பாட்டுக்குத் தளர்ந்திருக்கும். மாடத்தி திரும்பி வந்ததும் அவன் எழுந்து, “பகல் பூரா உட்கார்ந்திருந்தேன்” என்று உடம்பை முறித்துக்கொண்டு பறந்து போவான். அவள் ஒரு கண்ணால் முட்டையைப் பார்த்துக்கொண்டு நாரை இழுப்பாள். அவளுக்கு ஒரே ஆசைதான் இருந்தது. குஞ்சு பொரிந்து கண் திறக்க வேண்டும். அதுவரைக்கும் தன் உடம்பு தாங்க வேண்டும்.

ஒரு நாள் பகல் முழுக்க வறண்ட காற்று அடித்தது. பொழுது சாய மாடத்தி வந்து கிளையில் இறங்கினாள். கொம்பையா எழுந்தான். அவன் எழுந்ததும் கூடு கிழக்குப் பக்கமாகச் சாய்ந்தது. அந்தப் பக்கத்துக் கரை, பார்க்கப் பார்க்க, விரிந்து தொங்கியது. ஒரு முட்டை உருண்டது. மாடத்தி பாய்ந்தாள். முட்டை அவள் இறகைத் தொட்டுக்கொண்டே கீழே போயிற்று.

மரத்தடியில் கல் இருந்தது.

இருவரும் கொஞ்ச நேரம் கீழே பார்க்கவே இல்லை. மிச்சமிருந்த ஒரு முட்டையை மாடத்தி காலால் நடுவுக்கு இழுத்துவிட்டு அதன் மேல் நின்றாள். கரையைப் பார்த்தாள். கற்றாழை நார் முடிச்சு அவிழ்ந்து ஆடிக்கொண்டிருந்தது.

“இது எப்ப அவிழ்ந்தது?”

“உச்சி வெயில்ல” என்றான் கொம்பையா.

“பாத்தீங்களா?”

“பாத்தேன். நீ வந்ததும் முதல் வேலையா உன்கிட்ட சொல்லணும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன். மறக்கவே இல்ல மாடத்தி.”

“அலகுக்கு எட்டலையா?”

“எட்டுச்சு.”

“அப்ப ஏன் முடிச்சுப் போடலை?”

அவன் அவளையே பார்த்தான். அவனுக்கு விளங்கவில்லை என்பது அவன் கண்ணில் தெரிந்தது. அதுதான் மாடத்தியை உலுக்கியது.

“நீ முடிச்சுப் போடச் சொல்லலையே” என்றான்.

கோபம் வரும் என்று மாடத்தி நினைத்தாள். வரவில்லை. முட்டைக்காக அழுகை வரும் என்று நினைத்தாள். அதுவும் வரவில்லை. களைப்புதான் வந்தது. இத்தனை நாள் ஒவ்வோர் இறகாக ஏறிய களைப்பு மொத்தமாக வந்து உட்கார்ந்தது.

“அந்தக் கவட்டையில இந்த முட்டையை வச்சு, மேல உட்காருங்க” என்றாள். “நான் உங்ககிட்ட சொல்ற கடைசி வேலை இதுதான்.”

அவன் உட்கார்ந்தான். மாடத்தி கூட்டின் விளிம்பில் ஏறி நின்றாள். முதலில் ஆவாரம்பூவைப் பிடுங்கினாள். ஒன்றை அலகில் தூக்கிப் பிடித்து அவனிடம் காட்டினாள்.

“இது யாருக்கு?”

“என்ன பண்ற மாடத்தி?”

“கேட்டதுக்குச் சொல்லுங்க. முட்டைக்கா?”

அவன் யோசித்தான். “இல்ல… மைனாக்காவுக்கு.”

பூ கீழே போயிற்று. அடுத்ததும் அதற்கடுத்ததும் போயின. கரையைப் பிரித்தாள்.

“ஐயோ, கரை போனா முட்டை உருண்டிடும்!”

“கரை இருந்தப்பதான் உருண்டுச்சு. மேட்டை உசத்திக் கட்டிட்டு, உள்ள பள்ளம் இருக்கான்னு யாரும் பாக்கல.”

பிறகு பஞ்சு. அலகு நிறைய அள்ளினாள்.

“அது வேணும்” என்றான் அவன் அவசரமாக. “அது முட்டைக்குச் சூடு.”

“இப்ப உங்க வயித்துக்குக் கீழ பஞ்சா இருக்கு?”

கொம்பையா அசைந்து பார்த்தான். அவனுக்குக் கீழே வெறும் மரக்கவட்டை. முட்டை வெதுவெதுப்பாக இருந்தது.

“இல்ல” என்றான் மெதுவாக.

மாடத்தி அலகைத் திறந்தாள். காற்று பஞ்சை வாங்கிக்கொண்டு கண்மாய்த் தண்ணீர் மேல் போயிற்று. எத்தனை காலைகளில் காயவைத்து, எத்தனை மாலைகளில் உதறிய பஞ்சு! அது கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய கூடு அழகான கூடு. அது அவளுக்கும் பிடிக்கும். பிடித்ததையும் சேர்த்துத்தான் பிரித்தாள்.

நார் போயிற்று. குச்சிகள் மிஞ்சின. ஒவ்வொன்றாக உருவினாள். குறுக்கும் நெடுக்குமாக நாலைந்து மட்டும் கிடக்கும்போது, ஒரு வளைந்த குச்சியில் அலகை வைத்தாள்.

“அதை எடுக்காத” என்றான் கொம்பையா. “அது போச்சுன்னா நடுவுல ஓட்டை விழும். அது பக்கத்துல இருக்கிறதுதான் நிக்க மாட்டேங்குது, அதை இப்படித் திருப்பி வச்சா பள்ளம் தானா வரும்.”

மாடத்தி நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து, யாரும் கேட்காமல் அவன் கூட்டைச் சரிசெய்யச் சொன்ன முதல் வார்த்தை அது. அவனுக்கே அது தெரிந்ததாகத் தெரியவில்லை. அவள் குச்சியைத் திருப்பி வைத்தாள். பள்ளம் வந்தது. முட்டையை அதில் வைத்தார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் குச்சிகளுக்கு நடுவே முட்டை வெள்ளையாகத் தெரியும். அவ்வளவு இடைவெளி.

“இனிமே இந்த வீட்டுல மறைஞ்சு கிடக்கிறதுக்கு எதுவும் இல்ல” என்றாள் மாடத்தி. “எது சரியா இருக்கு, எது அவிழ்ந்திருக்குன்னு கண்ணு இருக்கிற யாருக்கும் தெரியும். நான் சொல்ல மாட்டேன். நீங்களும் உதவின்னு சொல்லாதீங்க. உதவின்னா அது என் வேலைன்னு அர்த்தம்.”

“சரி” என்றான் கொம்பையா. கொஞ்ச நேரம் கழித்து, பழக்கதோஷத்தில், “அப்ப நான் இப்ப என்ன செய்யணும்?” என்றான்.

மாடத்தி அலகை இறுக்கி மூடிக்கொண்டாள்.

சொல்லாமல் இருப்பது சும்மா இருப்பது என்று நினைத்தால் தப்பு. அதற்கு முன் அவள் செய்த எந்த வேலையும் அவ்வளவு கடினமாக இருந்ததில்லை. ஒரு நாள் வெயில் ஏறியதும் கொம்பையா வந்து முட்டை மேல் உட்கார்ந்தான். மாடத்தி கிளம்பும்போது கண்ணில் பட்டது: அடிமரத்தில் கட்டெறும்பு வரிசை, மேலே ஏறிக்கொண்டிருந்தது. அலகு தானாகத் திறந்தது. மூடிக்கொண்டு பறந்தாள். கண்மாய் நடுவில் போனதும் சிறகு போக மறுத்தது. திரும்பி வந்து தூரத்து மரம் ஒன்றில் மறைந்து நின்றாள். அவன் இன்னும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். எறும்பு முதல் கிளையைத் தாண்டியது. இரண்டாவது கிளை. அவளிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு முட்டை. இனிமேல் முடியாது, கத்திவிடலாம் என்று கழுத்தை நீட்டினாள். அப்போது அவன் குனிந்தான். பார்த்தான். ஒரு காலால் முட்டையை அணைத்துக்கொண்டு, கிளையில் ஏறிய எறும்புகளை ஒவ்வொன்றாகக் கொத்திக் கீழே தள்ளத் தொடங்கினான்.

மாடத்தி களத்துக்குப் போனாள். தாமதத்துக்குக் கௌதாரி முணுமுணுத்தார். அவள் காதில் விழவில்லை.

மாலையில் வந்தபோது அவனுடைய ஒரு கால் வீங்கியிருந்தது.

“கால் என்னாச்சு?”

“எறும்பு.”

“ம்.”

 அன்றைக்கு அவன் எழுந்து போனதும் அவள் நேராக முட்டை மேல் உட்கார்ந்தாள். செய்ய வேறு வேலை இல்லை.

அடுத்த பௌர்ணமிக்கு மைனாக்கா வந்தாள். மாடத்தி களத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டுப் பக்கத்து மரத்திலேயே இறங்கிவிட்டாள். முன்னால் போக வெட்கமாக இருந்தது.

“என்ன கோலம் இது!” என்று மைனாக்கா கூட்டைச் சுற்றினாள். “காத்துல அடிச்சிட்டு வந்த சுள்ளி மாதிரி கிடக்கு. கீழ நின்னா உங்க வயிறு தெரியுது மாப்பிள்ளை! எங்க அவ?”

“வயிறு தெரியுது, வயிறு தெரியுது” என்றன தவிட்டுக்குருவிகள்.

“வேலைக்குப் போயிருக்கா” என்றான் கொம்பையா.

“வரட்டும். வீட்டை இப்படிப் போட்டுட்டுப் போனா? நாலு வார்த்தை கேக்கிறேன்.”

“வீடு இங்கதானேக்கா இருக்கு? என்கிட்டயே கேளுங்க.”

 ஆண்பிள்ளையிடம் வீட்டைப் பற்றிக் கேட்டு மைனாக்காவுக்குப் பழக்கமில்லை. அலகைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். போகும்போது, “மருந்து வச்சிட்டாளோ என்னமோ” என்றாள். அது மாடத்திக்கும் கேட்டது. வலித்தது. ஊர் வாய் பிரிக்க முடியாத கூடு.

குஞ்சு பொரிந்தது. ஒற்றைக் குஞ்சு. மஞ்சள் மயிரும் மூடிய கண்ணுமாக, தலையைத் தூக்க முடியாத கழுத்தோடு.

புறாக்குஞ்சு தானியம் தின்னாது. அதற்குப் பால் வேண்டும். தாய்ப்புறாவின் தீனிப்பையில் ஊறுகிற கெட்டியான வெள்ளைப் பால். அந்தக் காலத்தில் அது தாய்க்கு மட்டும்தான் ஊறும். தின்பதாலோ குடிப்பதாலோ வருகிற பால் இல்லை அது. குஞ்சையே நினைத்து நினைத்து, நினைப்பு கழுத்துக்குள் இறங்கிக் கெட்டியானால்தான் பால். மாடத்திக்கு நினைப்பில் குறைவில்லை. உடம்பில்தான் ஒன்றும் மிச்சமில்லை. பால் நீர்த்து, கொஞ்சமாக வந்தது. குஞ்சு அலகைத் திறந்து திறந்து மூடியது. நாளுக்கு நாள் திறப்பது குறைந்தது.

நடுப்பகல் முறை கொம்பையாவுடையது. மாடத்தி களத்தில் இருக்கும் நேரம். குஞ்சு வாயைத் திறந்தால் கூப்பிட ஆள் இல்லை. சாமையை ஊறவைத்துக் கொடுத்துப் பார்த்தான், குஞ்சு கக்கியது. அலகில் தண்ணீர் கொண்டுவந்தான், அது வழிந்தது. இதையெல்லாம் அவன் அவளிடம் சொல்லவில்லை. குஞ்சின் மார்பில் ஈரம் இருப்பதைப் பார்த்து அவளே தெரிந்துகொண்டாள்.

பிறகு அவன் பேச்சு மாறியது. கிளையில் வந்து நின்றதும், என்ன செய்யட்டும் என்று கேட்பதில்லை. “விடியக்காலையில குடுத்தது நின்னுச்சா? நேத்தைவிட இன்னைக்குக் கழுத்து தொங்குது. வடக்கே மேகம் கட்டுது, நான் சீக்கிரம் வந்திடுறேன்” என்பான். மாடத்தி அதையெல்லாம் ஏற்கனவே நினைத்து முடித்திருப்பாள். இருந்தாலும் இன்னொரு வாயிலிருந்து அவை வரும்போது தலைக்குள் ஏதோ ஓர் இடம் காலியாவது போல இருந்தது.

ஒரு விடியற்காலையில் களத்தில் அவன் சாமையை அலகில் வைத்துக்கொண்டு விழுங்காமல் நின்றானாம். “என்ன கொம்பையா, கல்லை எடுக்கச் சொன்னா கல்லாவே நிக்கிற?” என்று கௌதாரி கேட்டாராம். வெயில் ஏறி முறை மாற வந்தவன் அதைச் சொல்லிவிட்டு, தயங்கித் தயங்கி நின்றான்.

“மாடத்தி, எனக்கு ஏதோ வியாதி போல. கழுத்துக்குள்ள கனமா இருக்கு.”

“எப்பேருந்து?”

“நாலஞ்சு நாளா. எங்க இருந்தாலும் இதே நினைப்பா இருக்கு. வாயைத் திறந்துச்சா, வெயில் படுதா, எறும்பு வருதா, நாம போறதுக்குள்ள… குனிஞ்சா அது, நிமிர்ந்தா அது. தூக்கத்துலயும் இறங்க மாட்டேங்குது.”

மாடத்திக்குச் சிரிப்பு வந்தது. வெகுநாள் கழித்து வந்த சிரிப்பு.

“முட்டையிட்ட நாள்லேருந்து எனக்கு அப்படித்தாங்க இருக்கு. அதுக்கு முன்னாடி கூட்டுக்காக இருந்துச்சு.”

“இத்தனை கனமா?” என்று கேட்டான். பிறகு, “நீ சொல்லவே இ…” என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். அவளையும் குஞ்சையும் மாறிமாறிப் பார்த்தான். வந்து குஞ்சின் மேல் உட்கார்ந்தான்.

அன்று முழுக்க மாடத்தி கல்லை மட்டும் பொறுக்கவில்லை. தானியத்தையும் பொறுக்கி ஓரமாகப் போட்டாள். காலையில் குஞ்சு ஒரு முறைதான் வாயைத் திறந்திருந்தது. அவளிடம் கொடுக்க ஒரு சொட்டுக்கு மேல் இருக்கவில்லை. பொழுது சாய்ந்தால் உயிர் இருக்குமா என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பு இல்லை.

சாய்ந்த வெயிலில் திரும்பி வந்தாள். தூரத்திலிருந்தே கூடு தெரிந்தது. குச்சிகளின் இடுக்கில் குஞ்சின் உடம்பு தெரிந்தது. தலை தெரியவில்லை. கழுத்து வரைக்கும் கொம்பையாவின் வாய்க்குள் இருந்தது. மூச்சு முட்டிப் போகுமே என்று பதறி விழுந்தடித்து வந்தாள்.

குஞ்சின் உடம்பு துள்ளிக்கொண்டிருந்தது. கொம்பையாவின் கழுத்து அலை அலையாக ஏறி இறங்கியது. அவன் கண் மிரண்டிருந்தது. அலகின் ஓரத்தில் வெள்ளையாக, கெட்டியாக ஒரு துளி வழிந்தது.

அது பால்.

குஞ்சின் தலை வாய்க்குள் இருந்ததால் அவனால் பேச முடியவில்லை. குஞ்சு ஒரு முறை தலையை எடுத்து மூச்சு வாங்கியது, மறுபடி நுழைத்துக்கொண்டது. இப்படிச் செய்யுங்கள், மெதுவாக, போதும் என்றெல்லாம் சொல்ல அவள் வாயெடுத்தாள். பிறகு பார்த்தாள். அவன் மெதுவாகத்தான் செய்துகொண்டிருந்தான்.

அந்த நேரத்தில் மாடத்தி செய்வதற்கு ஒன்றும் இல்லை. அப்படி ஒரு நேரம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். எதையோ மறந்துவிட்டோமோ என்று சுற்றிலும் பார்த்தாள். நாலு குச்சி, ஒரு குஞ்சு, குஞ்சின் அப்பா. எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தன. கால்களை மடக்கி, தலையைச் சிறகுக்குள் செருகினாள். வெளிச்சம் இருக்கும்போதே தூங்கிவிட்டாள்.

அன்று முதல்தான் புறாக்களில் அம்மாவுக்கு ஊறுவதுபோலவே அப்பாவுக்கும் பால் ஊறுகிறது. அன்று முதல்தான் புறா தன் கூட்டில் நாலு குச்சிக்கு மேல் வைப்பதில்லை. கூடு கட்டத் தெரியாத சோம்பேறிப் பறவை என்று போகிறவர் வருகிறவர் இன்றைக்கும் மரத்தடியில் நின்று சொல்கிறார்கள், புறாக்கள் அதைக் கேட்டுக்கொண்டே முட்டை மேல் உட்கார்ந்திருக்கின்றன, ஒன்று மாற்றி ஒன்று.